உறவினர் மீதும் படியும் குற்றம்

எங்கள் ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் செல்லும்போதெல்லாம் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரின் முன் சற்று நிற்பது என் வழக்கம். முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைக் குடவோலை முறைக்காகவே நாம் போற்றுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், மாமன், மருமகன், மைத்துனன் முதலானோரும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர் என்று அதே கல் கூறுவதை மேடைகளில் அரிதாகவே கேட்கிறோம்.

இங்கே இழப்பு பதவியோடு நின்றது. காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடியில் அது நிலத்தையும் கொண்டுபோயிற்று. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அங்குள்ள அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு குறிப்பிடுவோருள் இரவிதாசனும் பரமேசுவரனும் அரசப் பட்டம் பெற்ற அதிகாரிகள்: முன்னவன் பஞ்சவன் பிரமாதிராசன், பின்னவன் இருமுடிசோழ பிரமாதிராசன். முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வந்த அரசாணைப்படி அவர்களுடைய உடைமைகளோடு உடன்பிறந்தார், பிள்ளைகள், மாமன்மார், பெண் கொடுத்தோர், பெண் எடுத்தோர் ஆகியோரின் உடைமைகளும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. பெண் கொடுத்தவர் செய்த குற்றம் என்ன?

இது சோழநாட்டுக்கு மட்டும் உரிய கொடுமையன்று. ஸ்காட்லாந்தில் 1715-இல் ஸ்டூவர்ட் வமிசத்துக்காகக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மார் பிரபு, மறு ஆண்டே பட்டமும் நிலமும் இழந்தார். துரோகியின் குருதியே கெட்டுவிட்டதாகவும், அதன் வழியே வாரிசுரிமை இறங்காதெனவும் ஆங்கிலச் சட்டம் கருதியது. அவர் அயல்நாட்டிலேயே 1732-இல் இறந்தார். நாடாளுமன்றச் சட்டத்தால் பட்டம் மீண்டபோது ஆண்டு 1824. பெற்றவர் மகள் வழிப் பேரன், முதிர்ந்த கிழவர். துரோகத்துக்காகச் சொத்தைப் பறிப்பதையும், குருதி கெட்டதென்னும் கோட்பாட்டையும் பிரிட்டன் 1870-இல்தான் கைவிட்டது.

நம் அரசமைப்பின் 18-ஆம் கூறு பட்டங்களையே ஒழித்துவிட்டது. ஆதலால் பறிப்பதற்குப் பட்டம் இல்லை. வீடு இருக்கிறதே! ஒருவர் மீது வழக்கு என்றவுடன் அவர் குடும்பமே குடியிருக்கும் வீட்டைப் புல்டோசரால் இடித்ததை அண்மை ஆண்டுகளில் வட மாநிலங்களில் கண்டோம். ஒருவர் மீதான குற்றச்சாட்டுக்காக மொத்தக் குடும்பத்தையும் தண்டிக்க இயலாது என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2024 நவம்பரில்.

உடையார்குடிக் கல்லில் ஒரு விந்தை உண்டு. துரோகிகள் என எழுதிய கை, அவர்களுடைய பட்டப் பெயர்களை நீக்கவில்லை. நிலம் போயிற்று, பிரமாதிராசர் என்னும் பெயர் மட்டும் இன்றும் அச்சுவரில் இருக்கிறது.