முதியோர் இல்லக் கட்டணமும் அரசாங்க உதவியும்

நம் சங்கங்களின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், தொடக்க நாட்களில் பங்குத்தொகை செலுத்திச் சேர்ந்த பலருடைய பெயர்கள் இன்றும் அதில் இருப்பதைக் காணலாம். அவர்களுள் தறியை விட்டு இறங்கிப் பல ஆண்டுகள் ஆனவர் உண்டு. அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. மிதியை அழுத்த முழங்காலில் வலுவில்லை. உழவர் பக்கமும் இதே நிலைதான். நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றனர்.

பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் செல்லும் இந்நாளில், கவனிப்பார் இல்லாத முதியவர் சிலர் முதியோர் இல்லங்களை நாடுகின்றனர். கையில் இருந்த சேமிப்பைக் கொண்டு ஓராண்டு, ஈராண்டு கட்டணம் செலுத்திவிடுகின்றனர். அதன்பின் பாக்கி விழுகிறது. இல்லத்தார் முகம் மாறுகிறது. "அரசாங்கம் ஏதேனும் உதவி செய்யாதா?" என்னும் கேள்வி அப்போதுதான் எழுகிறது. இக்கேள்விக்குத் தெளிவான விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தனியார் இல்லத்தின் கட்டணத்தை முதியவரின் சார்பில் அரசாங்கமே செலுத்தும் பொதுத் திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆயினும் வழியே இல்லை என்று சோர்ந்துவிடுதல் தவறு. மாத உதவித்தொகை, பிள்ளைகளிடமிருந்து பெறும் ஜீவனாம்சம், எழுதிக் கொடுத்த சொத்தை மீட்டல், கட்டணமில்லா இல்லம் என நான்கு வழிகள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் மனுவின் பேரிலேயே கிடைப்பவை. கேளாதவரைத் தேடி உதவி வருவது அரிது.

மாத உதவித்தொகை

நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிற்று. படிப்படியாக உயர்ந்து, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் அது 1,200 ரூபாயாக்கப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுள் 60 முதல் 79 வயது வரையினர்க்கு மாதம் 200 ரூபாயும், 80 வயதை எட்டியவர்க்கு 500 ரூபாயும் மத்தியப் பங்காக வகுக்கப்பட்டன. எஞ்சிய தொகை மாநிலத்தின் பொறுப்பு.

மாதம் 1,200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். இதனைக் கொண்டு இல்லக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட இயலாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். எனினும் இதனை அற்பமென்று தள்ளலாகாது. மாதந்தோறும் தவறாது வரும் தொகை என்பதே இதன் சிறப்பு. இதற்கான மனுவைத் தாலுக்கா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரிடம் சேர்ப்பிக்கலாம். இ-சேவை மையத்தின் வாயிலாகவும் அனுப்பலாம். கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கென்று தனியாக முதியோர் ஓய்வூதியத் திட்டம் ஒன்றும் உண்டு. அதற்கு உரியவர் யாவர் என்பதைத் தம் சங்கக் காரியதரிசியிடம் கேட்டறிவது முதிய நெசவாளர் ஒவ்வொருவரின் கடமை. கேட்குமுன்னரே எடுத்துரைப்பது காரியதரிசியின் கடமை.

பிள்ளைகளின் பொறுப்பு

குறையும் தொகைக்கு என் செய்வது? இங்குதான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் துணை வருகிறது. தம் வருவாயையோ சொத்தையோ கொண்டு வாழ இயலாத பெற்றோரும், 60 வயது நிறைந்த முதியோரும், வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரிடம் ஜீவனாம்சம் கோரலாம். பிள்ளையற்றவராயின், அவருடைய சொத்தை வைத்திருக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற வாரிசுதாரரிடம் கோரலாம். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகிய அனைத்தும் ஜீவனாம்சத்தில் அடங்கும் என்று சட்டம் கூறுகிறது. ஆகவே, இல்லத்தில் தங்கியிருக்கும் செலவு இன்னது என்று ரசீதுகளுடன் எடுத்துக்காட்டி மனுச் செய்ய இடமுண்டு.

மனுவை விசாரிப்பது வருவாய்க் கோட்ட அதிகாரியின் தலைமையில் உள்ள தீர்ப்பாயம். முதியவர் வாழும் மாவட்டத்திலோ, கடைசியாக வாழ்ந்த மாவட்டத்திலோ, பிள்ளை வாழும் மாவட்டத்திலோ மனுவைக் கொடுக்கலாம். இச்சட்டத்தின்படி வக்கீல் வைத்து வாதாட இடமில்லை. ஆதலின் வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. முதியவர் விரும்பினால், பராமரிப்பு அதிகாரியான மாவட்டச் சமூக நல அதிகாரி அவர் சார்பில் ஆஜராவார். எதிர்தரப்புக்கு நோட்டீசு சேர்ந்த 90 நாட்களுக்குள் தீர்ப்புக் கூற வேண்டும்; தனிக் காரணம் இருப்பின் ஒரே ஒரு முறை 30 நாட்கள் நீட்டலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை வழங்கும்படி உத்தரவிடவும் அதிகாரம் உண்டு. பாக்கியில் நிற்கும் முதியவர் இந்த இடைக்கால உதவியை மறவாமல் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனைவியை இழந்த முதிய நெசவாளி ஒருவர் மாதம் 6,000 ரூபாய் கட்டணம் உள்ள இல்லத்தில் இருப்பதாகக் கொள்வோம். உதவித்தொகை 1,200 போக 4,800 ரூபாய் குறைகிறது. இரு மக்கள் சம்பாதிக்கின்றனர் என்றால் ஆளுக்கு 2,400 ரூபாய். தனித்தனியே நோக்கினால் இது தாங்கவொண்ணாத சுமையன்று. ஒரு மகன்மீது மட்டும் மனுச் செய்திருந்தாலும், பொறுப்புள்ள ஏனையோரையும் சேர்க்கும்படி அம்மகன் கோரலாம். ஜீவனாம்சத்தின் உச்ச வரம்பை மாநில அரசாங்கம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் வகுக்க வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

உத்தரவு பிறந்தும் தொகை வராவிடின், தீர்ப்பாயம் வாரண்டு பிறப்பித்து வசூலிக்கலாம்; அதன்பின்னும் செலுத்தாதவரை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். ஆனால் தவணை தவறிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முதியவர் மனுச் செய்தல் வேண்டும். பிள்ளை இன்று தருவான், நாளை தருவான் என்று காத்திருந்து இக்கெடுவைத் தவறவிடலாகாது.

"பெற்ற பிள்ளைமேல் வழக்குத் தொடுப்பதா? ஊர் சிரிக்காதா?" என்று பலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை நாம் இகழவில்லை. அது பாசத்தில் பிறந்தது. ஆனால் விசாரணைக்கு முன்னர் சமரச அதிகாரியிடம் மனுவை அனுப்பவும் சட்டம் வழி செய்திருக்கிறது. அவர் இரு தரப்பினரையும் உட்கார வைத்துப் பேசி, ஒரு மாதத்திற்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னாளில் செய்துவந்த வேலையே இது. கேட்பது பிச்சையன்று, வளர்த்த கடன். பட்டினி கிடந்து பிள்ளையின் பெயரைக் காப்பதைவிட, நான்கு பேர் முன்னிலையில் பேசித் தீர்ப்பதே இரு தலைமுறைக்கும் கௌரவமாகும்.

எழுதிக் கொடுத்த வீடும் நிலமும்

உழவர்களும் நெசவாளர்களும் செய்யும் பெருந்தவறு ஒன்றுண்டு. உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் நிலத்தையும் செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். "கடைசி வரை கஞ்சி ஊற்றுவான்" என்ற நம்பிக்கை மனத்தில் இருக்கிறதே ஒழியப் பத்திரத்தில் இருப்பதில்லை.

இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர், அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒரு முதியவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்ய மறுத்தால், அம்மாற்றம் செல்லாது எனத் தீர்ப்பாயத்தைக் கொண்டு அறிவிக்கச் செய்யலாம். இதனைக் கூறுவது 23-ஆவது பிரிவு. இத்தகைய நிபந்தனை இருந்தது என்பதை நிலைநாட்டாமல் இப்பிரிவின் உதவியைப் பெற முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. முதியோருக்கு நன்மை தரும் வகையில் இச்சட்டத்திற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்றும், சொத்தின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே கோர்ட்டு கூறியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது நாம் கொள்ள வேண்டிய பாடம் எளிது. எழுதிக் கொடுப்பதாயின் நிபந்தனையுடன் எழுதுக. பராமரிப்பு, மருத்துவம், இல்லத்தில் சேர நேர்ந்தால் அதன் கட்டணம் ஆகியவற்றைப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்துக் குறிப்பிடுக. அந்த ஒரு வரி பின்னாளில் உங்களுக்கு ஒரு வீட்டின் மதிப்புப் பெறும்.

கட்டணமில்லா இல்லங்கள்

பிள்ளைகளும் இல்லை, இருப்பினும் அவர்களே வறியவர் என்ற நிலையில், கட்டணம் வாங்கும் இல்லத்திலேயே தொடர்ந்து இருக்க வேண்டும் என்று எண்ணுவது பயனற்றது. ஆதரவற்ற முதியோருக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களுக்கு மத்திய அரசாங்கம் 1992-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் வாயிலாக மானியம் வழங்கி வந்துள்ளது. இத்தகைய இல்லங்களில் உணவும் உறைவிடமும் இலவசம். மாவட்டத்திற்கு ஒன்றேனும் 150 வறிய முதியோர் தங்கும் வகையில் இல்லம் அமைக்கப்படலாம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. 'அமைக்கலாம்' என்று கூறிற்றே ஒழிய, 'அமைத்தே தீர வேண்டும்' என்று கூறவில்லை. இச்சட்டத்தின் பெருங்குறை இதுவே என்பது நம் கருத்து. முதியோரின் உரிமைகள் ஏட்டளவில் நின்றுவிடலாகாது என்னும் கவலை சுப்ரீம் கோர்ட்டுக்கும் இருந்தது. 2018-ஆம் ஆண்டில் ஒரு பொதுநல வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முதியோர் இல்லங்களின் விவரத்தைத் திரட்டும்படி அது பணித்தது.

அருகில் எந்த இல்லத்தில் இடம் உண்டு என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம். 14567 என்னும் எண்ணில் முதியோர் உதவித் தொலைபேசிச் சேவையும் உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

சங்கம் செய்யத் தக்கது

இத்தனை வழிகள் இருந்தும் நம் முதியோர் பலர் பயன் பெறாமைக்குக் காரணம் என்ன? தாலுக்கா அலுவலகம் வரை நடக்கக் கால் இல்லை. மனு எழுதக் கை இல்லை. உடன் வர ஆள் இல்லை. இம்மூன்றையும் சங்கம் தரக்கூடும்.

முதியவர் தாமே மனுச் செய்ய இயலாதபோது, அவர் அதிகாரம் அளிக்கும் வேறு ஒருவரோ, பதிவு பெற்ற தன்னார்வச் சங்கமோ அவருக்காக மனுச் செய்யலாம் என்று சட்டம் கூறுகிறது. அந்த 'வேறு ஒருவர்' நம் காரியதரிசியாக ஏன் இருக்கலாகாது? நூல் வாங்கவும் சேலை விற்கவும் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த நாம், தறி நின்ற பிறகு தோளை விலக்கிக் கொள்வது கூட்டுறவு ஆகுமா?

எனவே ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம். 60 வயது கடந்த அங்கத்தினர்களின் பட்டியலைத் தயாரித்து, யார் உதவித்தொகை பெறுகின்றனர், யார் பெறவில்லை என்று குறித்தல் முதலாவது. வயதுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், இல்லத்தில் இருப்பவராயின் கட்டண ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி ஒழுங்காக வைத்தல் இரண்டாவது. மாதத்தில் ஒரு நாள் நிர்வாகக் குழுவினர் ஒருவர் மனுக்களுடன் தாலுக்கா அலுவலகத்திற்கும் கோட்ட அலுவலகத்திற்கும் சென்று வருதல் மூன்றாவது. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

இல்லத்துப் பாக்கிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கும் முதியவருக்கு, சங்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்ற சொல்லே முதல் உதவியாகும். அரசாங்க உதவி அதன் பின்னர் வரும்.