மெய்நிகர் மேசைக்கணினியில் புகுபதிகை வேகம்

மெய்நிகர் மேசைக்கணினி என்பது பயனரின் கையிலுள்ள கருவியில் அல்லாமல், தொலைவிலுள்ள தரவு மையத்தின் வழங்கியில் இயங்கும் கணினிச் சூழல் ஆகும். பயனருக்குத் திரைப்படிமம் மட்டுமே வந்து சேர்கிறது. விசை அழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும் வழங்கிக்குச் செல்கின்றன. 2020 ஊரடங்கில் தகவல் தொழில்நுட்ப ஊழியர் பலர் சொந்த ஊரிலிருந்து வேலை செய்ய இம்முறை உதவியது.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து ஒருவர் சென்னையிலுள்ள தரவு மையத்தில் புகுபதிகை செய்வதாகக் கொள்வோம். கடவுச்சொல் தந்தபின் மேசைத்திரை தோன்ற இரண்டு நிமிடம் ஆனால், மலைக்கு வரும் இணைய இணைப்பின் மீதே பழி விழும். இது பெரும்பாலும் தவறான கணிப்பு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்கிறது. 400 கிலோமீட்டர் நீள இழைவழியில் போய்வர 4 மில்லி நொடி போதும். இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் நிமிடக் கணக்கு வராது. நேரம் செலவாவது தரவு மையத்துக்குள்ளேதான்.

அங்கே பெரிய சுமை பயனர் சுயவிவரம். 'ரோமிங் புரொஃபைல்' என்னும் பழைய முறையில், பயனரின் அமைப்புகளும் கோப்புகளும் புகுபதிகையின்போது சேமிப்பகத்திலிருந்து நகலெடுக்கப்படுகின்றன. சுயவிவரம் பருக்கப் பருக்கக் காத்திருப்பும் நீளும். 2018 இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ், சுயவிவரம் முழுவதையும் ஒரு மெய்நிகர் வட்டுக் கோப்பாக வைத்து, நகலெடுக்காமல் வலையமைப்பு வழியே இணைக்கிறது. அவ்வப்போது தேவைப்படும் பகுதி மட்டும் படிக்கப்படும். ஆனால் நச்சுநிரல் தடுப்பான் அந்த வட்டுக் கோப்பைத் துருவத் தொடங்கினால் இந்த ஆதாயம் குறைந்துவிடும். ஆகவே அதற்கு விலக்கு அளிக்க வேண்டும்.

அடுத்தது குழுக் கொள்கைகளும் தொடக்க நிரல்களும். எப்போதோ அகற்றப்பட்ட அச்சுப்பொறியையோ வழங்கியையோ தேடி, பதில் வராமல் ஒரு நிரல் காத்துக்கிடப்பது அலுவலகங்களில் வெகு சாதாரணம். அந்த ஒரு வரியை நீக்கினாலே பல நொடிகள் மிஞ்சும்.

காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது சேமிப்பகம் திணறுகிறது. 200 பேர் ஆளுக்கு 90 நொடி காத்திருந்தால் மொத்தம் 5 மணிநேர உழைப்பு வீண். இயந்திரங்களை முன்கூட்டியே இயக்கி வைப்பதும், பயனர்களைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிப்பதும் நெரிசலைத் தணிக்கும்.

எதையும் மாற்றுமுன் அளப்பது அவசியம். சிட்ரிக்ஸ் டைரக்டர் போன்ற கருவிகள் புகுபதிகை நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுகின்றன.

மலையின் பங்கு முற்றிலும் இல்லை என்பதல்ல. அலைபேசிச் சமிக்ஞை குன்றிய வளைவுகளில் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வரத் தாமதமாகலாம். நேரத்தை அடிப்படையாகக் கொண்டு கைபேசியிலேயே குறியெண்ணை உருவாக்கும் செயலிக்குச் சமிக்ஞையே தேவையில்லை.