ஞாயிறு ஒரு பெயர், திங்கள் ஒரு பெயர்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் காத்திருப்பதைக் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஊர்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிற தலித் குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இந்து என்றால் எஸ்.சி., கிறித்தவர் என்றால் பி.சி. சேரி அதேதான், கூலியும் அதேதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானப் பெயர், திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பெயர் என்று வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இதன் வேர் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆனால் 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவரின் எஸ்.சி. சான்றிதழ் கோரிக்கையை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றும் சொன்னது. கிறித்தவர் என்று எழுதிவிட்டால் படிப்புச் சலுகை மட்டும் போவதில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் போன்ற தனித் தொகுதிகளில் வேட்பாளராக நிற்கும் உரிமையும் போய்விடுகிறது.

அரசை மட்டும் கேள்வி கேட்டு நிறுத்திக்கொள்ள முடியுமா? மதம் மாறினால் சாதி போய்விடும் என்று நம்பித்தானே நம் பாட்டன்மார் போனார்கள்! புதுச்சேரி தேவாலயத்துக்குள் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1745-இல் நம்மவர்கள் முறையிட்ட பிறகுதான் அது இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் அதற்கும் சண்டைக்கு வந்தார்கள்.

இருநூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, அதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில் என்ன நடந்தது? சம உரிமை இல்லாததால் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கத்தோலிக்கர்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர் சிறுவயதில் திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர். மதம் மாற மறுத்தவர். மிஷன் தந்த எழுத்தறிவை எடுத்துக்கொண்டு, தில்லை நகரிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். அவர் போன வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஏசுவை விட்டுவிட மனமில்லாத நம் அம்மாக்கள் ஏராளம். தச்சன் மகனாய்ப் பிறந்து, ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவரைத் தம்மில் ஒருவராகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். அந்த நெருக்கத்தைக் கேலி பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் கல்லூரிக்குப் போகும் அவர்களின் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. சான்றிதழுக்கான வழக்கு டெல்லியில் முடிகிறபோது முடியட்டும். பங்குப் பேரவையில் நம் ஆள் எத்தனை பேர், திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறைத் தோட்டம் ஏன் இரண்டாக இருக்கிறது? இவற்றைச் சரிசெய்ய உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியதில்லை.