விமானத்துக்கு வந்த காய்ச்சல்!

ஒரே ராத்திரியில் நூறு பேருக்குக் காய்ச்சல் வருமா?

வரும். 2024 மே 7-ம் தேதி ராத்திரி வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் கேபின் க்ரூவில் நூறு பேருக்கு மேல், டியூட்டிக்குக் கிளம்புகிற கடைசி நேரத்தில், 'உடம்பு சரியில்லை' என்று தகவல் கொடுத்துவிட்டார்கள். தலைவலியா, வயிற்றுவலியா என்று யாரும் விசாரிக்கவில்லை. வந்திருப்பது சம்பள வலி என்று எல்லாருக்கும் தெரியும்!

மறுநாள் சுமார் 90 விமானங்கள் ரத்து. கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர், திருவனந்தபுரம் என்று கேரளத்து விமான நிலையங்களில் கூச்சல், கண்ணீர். விசா முடியப்போகிறவர்கள், லீவு முடிந்து வேலையில் சேர வேண்டியவர்கள்... எல்லாம் வளைகுடாவுக்குப் போய்க் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிற ஜனங்கள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்கக் கிளம்பிய ஒரு பெண்ணின் விமானமும் அதில் ரத்தாகிப்போனது. அடுத்த சில நாளில் அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. படித்தவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

நூறு பேர் லீவு போட்டால் 90 விமானம் நிற்குமா என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

நாலு பேர் கணக்கு

விமானத்தில் 50 சீட்டுக்கு ஒரு கேபின் க்ரூவாவது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. இந்தக் கம்பெனியின் போயிங் 737-ல் 180 சீட்டுக்கு மேல். ஆக, குறைந்தது நாலு பேர். மூணு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்' என்று கிளம்ப முடியாது. கோடிக்கணக்கில் விலையுள்ள விமானம், பைலட், பெட்ரோல் எல்லாம் ரெடியாக இருந்தாலும் வண்டி நகராது. அந்த நாலு பேருக்கும் தலைமை தாங்க ஒரு சீனியர் வேண்டும். 'காய்ச்சல்' வந்தது பெரும்பாலும் அந்த சீனியர்களுக்குத்தான்!

அவர்களுடைய வேலை ட்ரேயில் தண்ணீர் கொடுப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜமான வேலை, நெருப்புப் பிடித்தால் ஒன்றரை நிமிஷத்தில் அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிடுவது. தண்ணீர் கொடுப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு.

கம்பெனிக்குள்ளே ஒரு கம்பெனி

பி.காம். படித்த தோஷம், எதைப் பார்த்தாலும் எனக்கு வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. மலிவு விமானக் கம்பெனியின் கணக்கையும் கொஞ்சம் புரட்டுவோம்.

பெட்ரோல் விலை எல்லாருக்கும் ஒன்று. விமான நிலையக் கட்டணமும் அப்படியே. சீட்டை நெருக்கிப் போடுவது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு வாங்குவது, இறங்கிய விமானத்தை அரை மணியில் திருப்பி அனுப்புவது... இதெல்லாம் எல்லாரும் செய்து முடித்தாயிற்று. மிச்சம் கை வைக்க என்ன இருக்கிறது? சம்பளப் பட்டியல்தான்!

ஆனால் பழைய பெரிய கம்பெனியில் யூனியன் இருக்கும், பழைய ஒப்பந்தம் இருக்கும், பேட்டா இருக்கும். அங்கே கை வைத்தால் ஷாக் அடிக்கும். அதனால் பக்கத்திலேயே குட்டியாக இன்னொரு கம்பெனி. புதுப் பெயர், புதுச் சட்டை, புதுச் சம்பள விகிதம். ஏர் இந்தியா 2005 ஏப்ரலில் ஆரம்பித்த குட்டிதான் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்.

தாயும் பிள்ளையும் 2022 ஜனவரியில் டாடா கைக்கு வந்தார்கள். டாடாவிடம் ஏற்கெனவே இன்னொரு பிள்ளை: மலேசியக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 2014-ல் பறக்கவிட்ட ஏர் ஏஷியா இந்தியா. ஒரே வீட்டில் இரண்டு மலிவு விமானம் எதற்கு? இரண்டையும் சேர்த்துவிடு என்று முடிவானது.

சேர்ப்பதென்றால் விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம். டிக்கெட் புக்கிங்கை ஒன்றாக்கலாம். யூனிஃபார்ம் தைக்கலாம். இதெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடும். 'இவர் சீனியரா, அவர் சீனியரா? இவருக்கு இருந்த அலவன்ஸ் இனி உண்டா?' இந்தக் கேள்விக்குத்தான் பெயிண்ட் கிடையாது!

யூனியனில் அப்போது சுமார் 300 பேர். பெரும்பாலும் பழைய சீனியர்கள். அவர்களின் புகார் என்ன? பெரிய பதவிக்கு இன்டர்வியூ நடத்தி, பாஸானவர்களுக்குச் சின்ன பதவி கொடுக்கிறார்கள். அலவன்ஸில் கை வைக்கிறார்கள். ஒரே வேலை செய்கிறவர்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை. டெல்லி மண்டலத் தொழிலாளர் கமிஷனர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தது. புகார்களில் நியாயம் இருப்பதாகத் தெரிகிறது, பேச்சுவார்த்தைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஆளை நிர்வாகம் அனுப்பவில்லை என்கிற தொனியில் இருந்தது அது.

நம் ஆபீசிலும் பார்க்கிறோமே... முடிவெடுக்க முடியாதவரை மீட்டிங்குக்கு அனுப்பி வைப்பது. அந்த மீட்டிங்கில் பிஸ்கட் மட்டும்தான் தீரும், பிரச்னை தீராது.

இதே டாடா வீட்டில் ஒரு மாசம் முன்னால், 2024 ஏப்ரலில், விஸ்தாரா பைலட்டுகளும் இப்படித்தான் 'உடம்பு சரியில்லாமல்' போனார்கள். மாதம் 70 மணி நேரம் பறந்ததாக வைத்துக் கிடைத்துவந்த நிச்சயச் சம்பளம், 40 மணி நேரத்துக்குத்தான் என்று புது ஒப்பந்தம் வந்ததுதான் காரணம். அந்த அபாய மணி அடித்தும் நிர்வாகத்தின் காதில் விழவில்லை போலிருக்கிறது.

இருபத்தைந்து கடிதங்கள்

நிர்வாகம் 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. மே 9-ம் தேதி டெல்லியில் தலைமைத் தொழிலாளர் கமிஷனர் முன்னால் இரண்டு தரப்பும் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் சமரசம். 25 பேருக்கும் திரும்ப வேலை, மற்றவர்களுக்கு உடனே உடம்பு குணம்! இந்தியாவில் இவ்வளவு வேகமாகக் குணமான வியாதி வேறு இருக்குமா, தெரியவில்லை.

நீக்கிய சூட்டோடு சேர்த்துக்கொள்ள முடிகிறதென்றால், அந்தப் பேச்சை ஒரு வாரம் முன்னால் பேசியிருக்கலாமே? பாவம், விமான நிலையத்தில் தரையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. ஏர் பிரான்ஸ் தன் மலிவுக் குட்டியான டிரான்ஸாவியாவை வெளிநாடுகளில், அந்தந்த ஊர்ச் சம்பளத்தில் வளர்க்கப் பார்த்தது. 2014 செப்டம்பரில் பைலட்டுகள் 14 நாள் ஸ்டிரைக். கம்பெனிக்கு 40 கோடி யூரோவுக்கு மேல் அடி. திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். ஜெர்மனியின் லுஃப்தான்ஸா, ஜெர்மன்விங்ஸ் என்று ஒரு குட்டியை வளர்த்தது, யூரோவிங்ஸ் என்று இன்னொன்றுக்கு வேலையை மாற்றியது, 2020-ல் முதல் குட்டியை மூடியது, 2022-ல் சிட்டி ஏர்லைன்ஸ் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தது. ஒவ்வொரு குட்டி வரும்போதும் பழைய ஊழியர் வயிற்றில் புளி கரைகிறது.

நமக்கு என்ன?

நிறைய இருக்கிறது. அவர்கள் ஏன் நேராக ஸ்டிரைக் என்று சொல்லாமல் காய்ச்சல் என்றார்கள்? அப்போது அமலில் இருந்த 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவையாக இருந்தது. 14 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டியிருந்தது. சமரசப் பேச்சு நடக்கும்போது ஸ்டிரைக் கூடாது. அதனால்தான் தெர்மாமீட்டர்!

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொழிலாளர்களில் பாதிப் பேரோ, அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் ஸ்டிரைக்தான். 14 நாள் நோட்டீஸும் இனி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் உண்டு. இனிமேல் வேர்ல்டு கப் ஃபைனலுக்கு மொத்தமாக லீவு போடத் திட்டமிடும் நண்பர்கள் தலையை எண்ணிக்கொள்ளவும்.

கதவை இப்படி ஒவ்வொன்றாக அடைத்தால் ஸ்டிரைக் குறையலாம். மனக்குறை குறையுமா? அது வேறு ஜன்னல் தேடும்.

2024 அக்டோபர் 1-ம் தேதி இரண்டு கம்பெனியும் சட்டப்படி ஒன்றாயின. பத்தே நாளில், அக்டோபர் 11-ம் தேதி சாயங்காலம், திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய இந்தக் கம்பெனி விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டரை மணி நேரம் நம் தலைக்கு மேலே வட்டமடித்தது. தமிழ்நாடே டி.வி. முன்னால் சாமி கும்பிட்டது. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். பைலட்டுகளைப் பாராட்டினோம், சரிதான். உள்ளே அத்தனை பேரோடும் அந்த இரண்டரை மணி நேரம் இருந்த கேபின் க்ரூவை எத்தனை பேர் நினைத்தோம்?

கணக்குப் புத்தகத்தில் அவர்கள் 'செலவு' பக்கத்தில் இருக்கிறார்கள். ஆபத்து வருகிற அன்றைக்குத்தான் அது 'சொத்து' என்று தெரிகிறது.

கம்பெனிகளைச் சேர்க்கப்போகிற முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் சீனியாரிட்டி லிஸ்ட்டை உட்கார்ந்து பேசி முடியுங்கள், பெயிண்டரை அப்புறம் கூப்பிடலாம். பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் காயும்!