கனெக்ட் ஆகலைக்கா!

அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் நம் பெண்களில் பலர் ஊரில் நன்றாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கணவரின் கிரீன் கார்டு வேலைகள் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் அவர்களும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அந்த அட்டை வரும் முன்பே தயாராகிவிடலாம் என்று டேட்டா அனலிஸ்ட், டெஸ்டிங் என்று ஏதாவது ஒரு ஆன்லைன் வகுப்பில் சேருகிறார்கள். எந்த வகுப்பாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு பாடம் வந்துவிடும்: "உங்கள் லேப்டாப்பில் ஒரு டேட்டாபேஸ் சர்வரை இன்ஸ்டால் செய்யுங்கள்."

அங்கேதான் பலருக்கு வண்டி நின்றுவிடுகிறது. வீடியோவில் வாத்தியார் நாலு தடவை 'நெக்ஸ்ட்' அமுக்கினால் வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு மட்டும் ஒரு சிவப்பு வரி வந்து நிற்கிறது.

நான் டேட்டாபேஸ் வேலையில் இருப்பதால், தமிழ்ப் பள்ளியில் பழகிய தோழிகளிடமிருந்து இதற்காக அடிக்கடி போன் வரும். ஆள் மாறும், பேச்சு மாறாது. "அக்கா, கனெக்ட் ஆகலைக்கா. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பார்த்துட்டேன். எனக்கு இதெல்லாம் வராது போல."

மூன்று வாக்கியம். முதலாவது போதாது, இரண்டாவது ஆபத்து, மூன்றாவது உண்மையே இல்லை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர்

டேட்டாபேஸ் சர்வர் என்பது பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் ஒரு புரோகிராம். நீங்கள் கேள்விகளைத் தட்டுகிற ஜன்னல் வேறொரு புரோகிராம். அதை கிளையன்ட் என்போம். இரண்டும் ஒரே லேப்டாப்பில் இருந்தாலும், இரண்டு தனித்தனி கம்ப்யூட்டர்கள் மாதிரி நெட்வொர்க் வழியாகத்தான் பெரும்பாலும் பேசிக்கொள்கின்றன.

'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் இதே கம்ப்யூட்டர் என்று அர்த்தம். அதன் முகவரி 127.0.0.1. இந்தப் பேச்சு லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை. வைஃபையை அணைத்துவிட்டாலும் வேலை செய்யும். ஆகவே "நெட் ஸ்லோவா இருக்கோ?" என்ற சந்தேகத்தை முதலிலேயே தள்ளிவிடலாம்.

ஒரே முகவரியில் பல புரோகிராம்கள் குடியிருப்பதால், அபார்ட்மென்ட் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அதுதான் போர்ட். மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, மாங்கோடிபிக்கு 27017.

இப்போது யாரையாவது பார்க்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். போன வீட்டில் ஆளே குடியில்லாமல் இருக்கலாம். பெல் அடித்து அடித்துப் பார்த்தும் பதிலே வராமல் இருக்கலாம். கதவைத் திறந்து "நீங்க யாரு?" என்று கேட்கலாம். உள்ளே விட்டபின் "நீங்க தேடுறவர் இங்க இல்லையே" என்று சொல்லலாம். நாலும் நாலு விஷயம். நாலையும் சேர்த்துத்தான் நாம் "கனெக்ட் ஆகலை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எர்ரர் செய்தி அப்படிச் சொல்வதில்லை. எது நடந்தது என்பதைப் பிரித்துச் சொல்கிறது.

நம்பரைப் படியுங்கள்

போனில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எர்ரர்ல என்ன நம்பர் போட்டிருக்கு?" என்பதுதான். மைஎஸ்க்யூஎல்லை வைத்தே சொல்கிறேன். வகுப்புகளில் அதிகம் வருவது அதுதான்.

2003 அல்லது 2002. நீங்கள் இன்னும் சர்வரிடம் போய்ச் சேரவில்லை. செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு நம்பர் இருக்கும். விண்டோஸில் 10061, லினக்ஸில் 111, மேக்கில் 61. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே: அந்தக் கதவில் யாரும் இல்லை. ஒன்று, சர்வர் ஓடவில்லை. அல்லது, வேறு கதவில் ஓடுகிறது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை; அதைக் கேட்கவே அங்கே ஆள் இல்லை.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, மைஎஸ்க்யூஎல் என்ற பெயருக்கு எதிரே 'ரன்னிங்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'ஸ்டார்ட்' கொடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிட்டால், சர்வர் தன் காரணத்தை எழுதி வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரில், உங்கள் கம்ப்யூட்டரின் பெயரிலேயே 'எர்' என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். விண்டோஸில் அந்த ஃபோல்டர் 'புரோகிராம்டேட்டா'வுக்குள் இருக்கும். அது மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் முதலில் கண்ணில் படாது.

அங்கே அடிக்கடி தென்படும் காரணம், 3306-ஆம் கதவில் ஏற்கெனவே வேறு யாரோ இருக்கிறார்கள் என்பது. எப்போதோ வெப்சைட் செய்து பார்க்க ஸாம்ப் போட்டிருப்பீர்கள். அதோடு மரியாடிபியும் வந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ், தன் மூத்த மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். முதல் வெளியீடு 1995. பிறகு 2009-இல் அதிலிருந்து பிரிந்து தொடங்கியதற்கு இளைய மகள் 'மரியா'வின் பெயர். அக்காவும் தங்கையும் வழக்கமாகக் கேட்பது அதே 3306-தான். ஒரே லேப்டாப்பில் இருவரும் இருந்தால் முதலில் வந்தவருக்குத்தான் இடம்.

யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க, விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்ஸ்டாட்' என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு ஏ, என், ஓ ஆகிய எழுத்துகளைச் சேர்த்துக் கொடுங்கள். 3306 என்று முடியும் முகவரி உள்ள வரியில் கடைசியாக வரும் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் அகப்பட்டுவிடும். பழையதை நிறுத்துங்கள். இரண்டும் வேண்டுமென்றால் புதியதற்கு 3307 கொடுங்கள். ஆனால் கிளையன்ட்டிலும் அதே 3307-ஐச் சொல்ல வேண்டும்.

மேக்கிலும் லினக்ஸிலும் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. அங்கே மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டிடம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று சொன்னால் அது போர்ட் வழியாகப் போகாது. சாக்கெட் என்ற ஒரு ஃபைல் வழியாகப் போகும். அந்த ஃபைல் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் 2002 வரும். அப்போது 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதற்குப் பதிலாக 127.0.0.1 என்று கொடுத்துப் பாருங்கள். அதில் சேர்ந்துவிட்டால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. கிளையன்ட்தான் சாக்கெட்டைத் தப்பான இடத்தில் தேடுகிறது.

டைம்அவுட். 'இல்லை' என்றுகூடப் பதில் வராமல், காத்திருந்து காத்திருந்து நின்றுபோவது. உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இது அபூர்வம். வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் சர்வரைத் தேடும்போதுதான் வரும். முகவரி தப்பாக இருக்கும், அல்லது நடுவில் ஃபயர்வால் தடுக்கும்.

1045. இது வந்தால் தோழிகள் அழாத குறையாகப் பேசுவார்கள். நான் "சூப்பர்!" என்பேன். சர்வர் ஓடுகிறது, கதவு சரி, அதுவே வாய் திறந்து பேசிவிட்டது. பாஸ்வேர்ட் அல்லது யூசர் பெயர் மட்டும்தான் பாக்கி. வரியின் கடைசியில் பாஸ்வேர்ட் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு 'யெஸ்' அல்லது 'நோ' என்று இருக்கும். 'நோ' என்றால் நீங்கள் பாஸ்வேர்டை அனுப்பவே இல்லை. 'யெஸ்' என்றால் அனுப்பியது பொருந்தவில்லை.

உபுண்டுவில் 1698 என்று வந்தால், பாஸ்வேர்ட் எதைப் போட்டாலும் ரூட் யூசருக்குள் விடாது. அங்கே லினக்ஸின் நிர்வாகியாக, அதாவது 'சூடோ' போட்டு வந்தால்தான் ரூட்டுக்கு அனுமதி. ஒருமுறை அப்படி உள்ளே போய், பயிற்சிக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

2059 அல்லது 1251. 2018-இல் வந்த 8.0 பதிப்பில் மைஎஸ்க்யூஎல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையை மாற்றியது. பழைய கிளையன்ட்களுக்கு அந்த முறை தெரியாது. கிளையன்ட்டைப் புதுப்பியுங்கள், சர்வரைப் பழையதாக்க வேண்டாம்.

1049. உள்ளே வந்தாயிற்று. நீங்கள் கேட்ட பெயரில் டேட்டாபேஸ் இல்லை, அவ்வளவுதான். இன்னும் உருவாக்கவில்லை, அல்லது ஸ்பெல்லிங்கில் ஏதோ பிசகு.

போஸ்ட்கிரெஸ்ஸில் நம்பருக்குப் பதில் வாக்கியமாகவே வரும். சேர முடியாவிட்டால், "அந்த இடத்தில் சர்வர் ஓடுகிறதா, இணைப்புகளை ஏற்கிறதா?" என்று அதுவே நம்மைத் திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே போதும்.

அழிக்கும் முன்

இப்போது இரண்டாவது வாக்கியம்: அன்இன்ஸ்டால். புரோகிராமை எடுத்தாலும் டேட்டா ஃபோல்டர் பல சமயம் அப்படியே தங்கிவிடும். மறுபடி போட்டால் பழைய பாஸ்வேர்டும் பழைய எர்ரரும் கூடவே வரும். அடுத்து எங்கேயோ, "டேட்டா ஃபோல்டரை டெலீட் பண்ணு, சரியாகிடும்" என்று ஒரு யோசனை கிடைக்கும். சரியாகத்தான் ஆகும். உங்கள் டேபிள்கள் எல்லாமும் அதோடு போய்விடும்.

தோழி ஒருத்தி பழகுவதற்காக ஆரம்பித்த டேட்டாபேஸில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் வருகைப் பதிவையும் கட்டணக் கணக்கையும் வைத்திருந்தாள். மூன்று வருடப் பதிவு. ஒரு வெள்ளி இரவு சர்வர் எழவில்லை. மறுநாள் காலை பள்ளி.

"அந்த ஃபோல்டரை அழிச்சிடவாக்கா? யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க."

"கையை எடு முதல்ல! அதை அப்படியே காப்பி பண்ணி ஒரு பென்டிரைவ்ல போடு. அப்புறம் பேசலாம்."

கடைசியில் பார்த்தால் மகனின் ஸ்கூல் புராஜெக்டுக்காக அந்த வாரம் போட்ட ஸாம்ப்தான் 3306-ஐப் பிடித்து வைத்திருந்தது. அதை நிறுத்தினோம். பத்து நிமிடத்தில் மூன்று வருடக் கணக்கும் திரும்ப வந்தது.

ஆகவே விதி ஒன்று: எதையும் அழிக்கும் முன், சர்வரை நிறுத்திவிட்டு முழு டேட்டா ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். சர்வர் நன்றாக ஓடும் நாட்களில் வொர்க்பெஞ்சின் 'டேட்டா எக்ஸ்போர்ட்' மூலம் வாரம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

விதி இரண்டு: "ஃபயர்வாலை அணை, எல்லா முகவரிக்கும் திற, பாஸ்வேர்டை எடுத்துவிடு" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களைத் துடைத்துவிட்டு, பணம் கேட்டுக் குறிப்பு மட்டும் விட்டுப் போனார்கள். அதே ஆண்டின் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மாங்கோடிபி தானாக லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டுமே பதில் சொல்கிறது. உங்கள் லேப்டாப்பில் படிப்பதற்கு வெளியே எந்தக் கதவும் திறந்திருக்க வேண்டியதில்லை.

விதி மூன்று: கணவரின் ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். அனுமதியும் கிடைக்காது, அவருக்கு அங்கே தலைவலியும் வரும். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே இதற்குப் போதும்.

'எனக்கு வராது'

மூன்றாவது வாக்கியம்தான் எனக்கு மனசு கேட்காது. பத்து வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவர், வீட்டில் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர், ஒரு சிவப்பு வரியைத் தனக்குப் போட்ட மார்க்காக எடுத்துக்கொள்கிறார். காலையில் 2003, மதியம் 1045, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்போது 1049 என்றால், நாள் முழுக்கத் தோற்றதாக அவர் நினைக்கிறார். உண்மையில் வாசலில் இருந்தவர் கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் ஆபீஸில் செய்வதும் இதைத்தான். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுக்கும் டைம்அவுட்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்பது வேலைக்கு வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வி. சிவப்பு வரியோடு மல்லாடியவர்கள் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போதும் "கனெக்ட் ஆகலை" என்று நிறுத்தாமல் நாலு விஷயம் சொல்லுங்கள்: எர்ரரின் முழு வரி, விண்டோஸா மேக்கா, கடைசியாக எப்போது வேலை செய்தது, அதற்குப் பிறகு புதிதாக என்ன போட்டீர்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். இந்த நாலையும் எழுதும்போதே பலருக்கு விடை தானாகத் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகி ஓட ஆரம்பித்ததும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சேமிக்காத வேலை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, சர்வரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கனெக்ட் செய்து பாருங்கள். மறுபடி ஓடவிட்டு, பாஸ்வேர்டைத் தப்பாகப் போடுங்கள். பிறகு இல்லாத டேட்டாபேஸ் ஒன்றின் பெயரைக் கொடுங்கள். மூன்று எர்ரரையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் தமிழிலேயே குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே வரி தானாக வந்தால், அது ஏற்கெனவே பழகிய முகம்.