பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்தே நாள்!

கத்திரி வெயில் ஒருவழியாகக் கழிந்துவிட்டது. மொட்டை மாடியில் காய்ந்த வடாமும் வற்றலும் டப்பாவுக்குள் போயாகிவிட்டது. பாட்டி ஊருக்குப் போன பிள்ளைகள் வெயிலில் கருத்து, முழங்காலில் நாலு சிராய்ப்போடு திரும்பி வந்தாச்சு. "அம்மா, இன்னும் பத்து நாள் லீவு இருக்கே!" என்று பிள்ளை குதிக்கிறான். "ஐயையோ, பத்தே நாள்தான் இருக்கா!" என்று தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது.

பல வீடுகளில் என்ன நடக்கிறது? எட்டு நாள் சும்மா போய்விடும். கடைசி இரண்டு நாளில் நோட்டுக் கடையில் கூட்டம், தையற்காரரிடம் சண்டை, ஷூ கடையில் அழுகை. முதல் நாள் காலை எட்டரை மணிக்கு எழுந்து பழகிய குழந்தையை ஆறு மணிக்கு உலுக்கி எழுப்புகிறோம். அது தோசையைத் தொடாமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வயிறு வலிக்குதும்மா" என்கிறது. அது பொய்யில்லை, சகோதரிகளே! தூக்கமும் பசியும் நேரம் மாறிக் கிடக்கிற உடம்பு ஒரே ராத்திரியில் திரும்பாது.

இந்தப் பத்து நாளைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் பாதி அழுகை குறையும். லீவைப் பறிக்க வேண்டியதில்லை. வேலையைக் குடும்பமே சேர்ந்து செய்ய வேண்டும், அதில் குழந்தையின் கையும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். தன் கையால் அட்டை போட்ட புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திடீரென்று வந்து விழுந்த தண்டனையாகத் தெரியாது.

முதலில் தூக்கம்

6 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். எல்.கே.ஜி. வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரம்.

"இன்னிலேருந்து ஒன்பது மணிக்குப் படுக்கணும்" என்று மிரட்டிப் பிரயோஜனம் இல்லை. காலையில் எழுப்பும் நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். எட்டரைக்கு எழுகிற பிள்ளையை நாளை எட்டே காலுக்கு எழுப்புங்கள். மறுநாள் எட்டு. தினம் 15 நிமிஷம் குறைத்தால் எட்டே நாளில் ஆறரைக்கு வந்துவிடலாம். எழுந்தவுடன் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் முகத்தில் படும்படி செய்யுங்கள். மத்தியானத் தூக்கத்தைச் சுருக்குங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு டி.வி.யையும் செல்போனையும் ஓரம் கட்டுங்கள். அப்பாவின் செல்போனும் சேர்த்துத்தான்!

கண், பேன், தடுப்பூசி

கடைசி பெஞ்சில் இருக்கும் குழந்தைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் அது சொல்லாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். வருஷம் முழுக்க "கவனமே இல்லை" என்று திட்டு மட்டும் வாங்கும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதல்லவா? எதிர்ச் சுவரோரம் குழந்தையை நிறுத்துங்கள். உள்ளங்கையால், அழுத்தாமல், ஒரு கண்ணை மூடி எழுத்துக்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றொரு கண். ஒரு கண்ணுக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்றாலோ, அண்ணனுக்குத் தெரிவது தம்பிக்குத் தெரியவில்லை என்றாலோ, கண் டாக்டரிடம் அழைத்துப் போய்விடுங்கள். டி.வி. முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, சாயங்காலம் தலைவலி என்பது இவையும் அடையாளங்கள். சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அடுத்தது தடுப்பூசி அட்டை. ஒன்றரை வயதோடு அதைப் பெட்டியடியில் வைத்து மறந்துவிடுகிறோம். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் டி.பி.டி. பூஸ்டர் ஒன்று உண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டி.டி. (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். அட்டையை எடுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் கேட்டால் பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுவார். ஊசி போட்ட அன்று லேசாகக் காய்ச்சல் வரலாம். அதனால்தான் லீவிலேயே முடித்துவிடுவது சௌகரியம்.

மூன்றாவது, சொல்லக் கூச்சப்படும் சமாசாரம்: பேன். ஊருக்குப் போய் அத்தை பெண்களோடு ஒரே பாயில் படுத்து வந்தால் தலையில் குடித்தனம் ஏறியிருக்கும். எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில் பேன் சீப்பால் வகிடு வகிடாக வாருங்கள். ஈறு பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் ஒருநாள் வாரி விட்டுவிடாமல் மூன்று நாளைக்கு ஒரு தரம் இரண்டு வாரம் வார வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தோல் புண்ணாகும், தீ விபத்துக்கும் இடமுண்டு.

கடைக்குப் போகும் முன்

பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் பழைய பையைக் கூடத்தில் கொட்டுங்கள். பென்சில், ரப்பர், ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ் எதெது தேறும் என்று பிள்ளையே கணக்கெடுக்கட்டும். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து அட்டை போட்டால் இரண்டு ரஃப் நோட்டாவது கிடைக்கும்.

யூனிபாரத்தைப் போட்டுப் பாருங்கள். பாவாடை குட்டையாகியிருந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. எது எப்போது கிடைக்கும் என்று பள்ளியில் விசாரித்துக்கொண்டு மற்றதை மட்டும் வாங்குங்கள்.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள். நடந்து திரிந்த பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். வாங்கிய ஷூவை அப்படியே பெட்டியில் வைக்காமல் தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்க விடுங்கள். முதல் வாரத்தில் ஷூ கடித்து நொண்டும் பிரச்னை இராது.

இன்னொன்று, பையின் பாரம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கைப்படி, பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ ஆயிற்றே! பள்ளியில் நல்ல தண்ணீர் கிடைத்தால் அரை லிட்டர் பாட்டிலே போதும், அங்கே நிரப்பிக்கொள்ளட்டும். வாங்கும்போதே கனமில்லாத பையாகப் பாருங்கள். அதை ஒற்றைத் தோளில் தொங்கவிடாமல் இரண்டு தோளிலும் மாட்டப் பழக்குங்கள்.

எல்லோரும் சேர்ந்து

ஒரு சாயங்காலத்தை "அட்டை போடும் திருவிழா" ஆக்கிவிடுங்கள். அப்பா பிரவுன் தாளை அளந்து வெட்டட்டும், பெரியவள் மடிக்கட்டும், சின்னவன் லேபிள் ஒட்டட்டும். பேரை மட்டும் அவரவர் கையாலேயே எழுதட்டும். கோணலாக இருந்தால் என்ன குறைந்துபோயிற்று?

"லீவுல படிச்சதெல்லாம் மறந்துட்டான்" என்று பாடப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். பல்லாங்குழியைத் தட்டி எடுங்கள். ஒரு பக்கம் ஏழு, மறு பக்கம் ஏழு என்று பதினாலு குழி. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று யோசிப்பதே கணக்குத்தான். ஊரில் விட்டு வந்த தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதமாகப் பென்சில் பிடிக்காத விரல் தானாக வழிக்கு வரும்.

டிபன் பாக்ஸ் ஒத்திகையும் உண்டு. மூன்று நாள் மத்தியானம் சாதத்தை டப்பாவில் கட்டிக் கொடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். மூடியைத் தானே திறக்க வருகிறதா, இருபது நிமிஷத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவையே கட்டுங்கள். பாதி திரும்பி வருகிறதென்ற சண்டையே வராது.

முதன்முதலாகப் போகும் குட்டிக்கு

"இரு, டீச்சர்கிட்ட சொல்றேன், அடிப்பாங்க" என்ற பயமுறுத்தலை இந்தப் பத்து நாளும் வாயில் எடுக்காதீர்கள். நாம் பூச்சாண்டியாகக் காட்டியவரிடமே விட்டுவிட்டு வரும்போது குழந்தை அலறாமல் என்ன செய்யும்? ஒருநாள் பள்ளிக்கூடம் வரை நடத்தி அழைத்துப் போய், கேட்டைக் காட்டி, "சாப்பிட்டு, பாட்டுப் பாடி, மணி அடிச்சதும் அம்மா இங்கேயே நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள். குழந்தை பார்க்காத சமயம் நழுவி வந்துவிடாதீர்கள். முத்தம் கொடுத்து, சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் வாருங்கள்.

பாத்ரூம் போக வேண்டுமென்று கேட்பது, முழுப் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் சொல்வது, இவற்றை இப்போதே பழக்குங்கள்.

பள்ளி திறக்கும் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் வெயில் தணியாததால் தமிழ்நாட்டில் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று தள்ளிப்போனது. அப்படி நாள் தள்ளினாலும் "இன்னும் லீவுதானே" என்று தூக்க நேரத்தை மறுபடி அவிழ்த்துவிடாதீர்கள்.

எல்லாம் முடித்த பின் கடைசி நாள் மாலை பள்ளிக்கென்று ஒரு வேலையும் வைக்காதீர்கள், தாய்மார்களே. பையும் யூனிபாரமும் மதியத்துக்குள் தயாராகிவிடட்டும். கடற்கரையோ, கோவிலோ, தெருமுனைப் பூங்காவோ, குடும்பத்தோடு ஒரு நடை போய், சுண்டல் வாங்கிக் கொடுத்து, எட்டு மணிக்குள் வீடு திரும்புங்கள். அன்று ராத்திரி உங்களுக்கும் நல்ல தூக்கம் வரும்.