பெரிய போர்வை, சிறிய துண்டுகள்

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு போர்வை.

எங்கள் ஆரணியில் தறிச்சத்தம் கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. என் பாட்டியும் பல ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். அவருடைய முகூர்த்தப் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிற்று. அதையும் வேறு சில பழம் புடவைகளையும் சேர்த்து, மார்கழிக் குளிருக்குப் பாட்டிக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைக்கப் புறப்பட்டேன். முழுப் போர்வையையும் ஒரேயடியாகத் தையல் மெஷினில் திணித்தேன். ஊசிக்கும் மெஷினின் கழுத்துக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இல்லை. சுருட்டிய பஞ்சு அங்கே அடைத்துக்கொண்டது. வலித்து இழுத்தேன், முந்தானை ஓரிடத்தில் கிழிந்தது. அழுதுவிட்டேன்.

பாட்டி கோபிக்கவில்லை. "தறியிலே ஆறு கஜத்தையும் ஒண்ணாவா பிடிக்கிறோம்? கைக்கு எட்டுற அளவு நெய்ஞ்சு, சுத்திட்டு, அடுத்ததை நெய்யறோம். நீயும் அப்படியே செய் கண்ணு" என்றார்.

பிறகு செய்த முறை இதுதான். மேல்துணி 12, அடித்துணி 12 என்று 21 அங்குலச் சதுரங்கள் வெட்டினேன். இற்ற பட்டுக்கு உள்ளே பழைய வேட்டித் துணி வைத்துத் தாங்கல் கொடுத்தேன். பஞ்சுத் தகட்டை மட்டும் 20 அங்குலமாக வெட்டி, நடுவில் வைத்தேன். மூன்றையும் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுப் பிணைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெஷினில் தைத்தேன். ஓரத்தில் ஓர் அங்குலம் தைக்காமல் விடவேண்டும்.

இணைக்கும்போது, இரண்டு சதுரங்களின் மேல்துணிகளை மட்டும் அரை அங்குலம் விட்டுத் தைக்கவேண்டும். அப்போது மெஷினின் கழுத்துக்குள் செல்வது அந்த அரை அங்குலமே. பாரமெல்லாம் இடப்பக்கம் மேசைமேல் கிடக்கும். பின் திருப்பிப் போட்டால் பஞ்சுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஓர் அடித்துணியைப் பரப்பி, மற்றதன் ஓரத்தை மடித்து அதன்மேல் வைத்துக் கையால் ஹெம்மிங் செய்யவேண்டும். மூன்று மூன்றாக நான்கு வரிசை சேர்த்து, வரிசைகளையும் அவ்வாறே இணைத்து, சுற்றிலும் பட்டி தைத்தால் 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வை தயார்!

உலகறிந்த போர்வை ஒன்றும் இப்படித் துண்டு துண்டாக உருவானதே. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் நினைவாக, அவர்களுடைய அன்பர்கள் 3 அடிக்கு 6 அடி துணிகளைத் தனித்தனியே தைத்தார்கள். எட்டெட்டாக இணைத்து 12 அடிச் சதுரங்களாக்கினார்கள். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரில் அவ்வாறு 1,920 துணிகள் விரிக்கப்பட்டன.

என் போர்வையின் நடுச் சதுரத்தில் அந்தக் கிழிந்த முந்தானையை ஒட்டுப்போட்டு வைத்தேன். பாட்டிக்கு இப்போது கண் பார்வை மங்கல். விரலால் தடவிப் பார்த்து, "இது என் முகூர்த்தப் புடவை" என்றார். அந்த ஒட்டு இருக்கும் பக்கத்தைத்தான் நெஞ்சோடு போர்த்திக்கொள்கிறார்.

தோழியரே, பெரிய வேலையைக் கண்டு மலைக்காதீர்கள். கைக்கு எட்டும் அளவில் தொடங்குங்கள்!

— மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு